பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர்

சுரேஸ் பலகையின் மேல்விளிம்பில் கடைசிப் பள்ளத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது, எதிர் ரொட்டிக்கடை ஜீவராணி ரோட்டைக் கடந்து வந்துவிட்டாள். காலையிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

“ஏது தம்பி பலகை? ஒரு பக்கம் நீலப் பெயின்ட் வேற அடிச்சிருக்கு.”

“கெடச்சிச்சிக்கா.”

எங்கே என்று அடுத்துக் கேட்பாள். அதனால் வாயில் இரண்டு ஆணியைக் கவ்விக்கொண்டான்.

நாளை ஆயுத பூசை. ஸ்பேனர்களை மண்ணெண்ணெயில் கழுவி, ராக்கைப் பலகையில் வரிசையாக மாட்டி, சந்தனப் பொட்டு வைக்க வேண்டும். ஆனால் சுரேஸிடம் இருந்ததே பாதி செட்தான்.

மற்றப் பாதி பக்கத்துக் கராஜில், துஷாந்திடம்.

போன பொங்கல் வரைக்கும் இரண்டும் ஒரே கராஜ். சண்டை காணிக்கும் இல்லை, காசுக்கும் இல்லை. ரேடியோவுக்கு. துஷாந்துக்கு மேட்ச் கேட்க வேண்டும், சுரேஸுக்குப் பாட்டு. ஒரு நாள் கடைசி ஓவரில் சுரேஸ் பாட்டுக்குத் திருப்பிவிட்டான்.

அவ்வளவுதான். வார்த்தை தடித்தது. கராஜ் இரண்டானது. ரேடியோவைத் துஷாந்த் தூக்கிக்கொண்டான். ஸ்பேனர்களை ஒன்று விட்டு ஒன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். பத்து இவனுக்கு, பதினொன்று அவனுக்கு, பன்னிரண்டு இவனுக்கு, பதின்மூன்று அவனுக்கு.

தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் த்ரீவீல்களுக்கு இந்தப் பாகப்பிரிவினை தெரியுமா? எந்த வண்டியைத் திறந்தாலும் பதின்மூன்றாம் நம்பர் நட்டு முன்னால் வந்து நின்றது. வண்டிக்காரர்தான் பக்கத்துக்குப் போய் ஸ்பேனரைக் கேட்டு வாங்கி வர வேண்டும். அங்கிருந்தும் பத்தாம் நம்பருக்கு ஆள் வரும். மெக்கானிக் இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பார்கள்.

தெமோதரை ஊரே சிரித்தது. சுரேஸுக்குச் சிரிப்பு வரவில்லை. துஷாந்த் இல்லாமல் அவனுக்கு மதியச் சோறு இறங்குவதே இல்லை.

ஜீவராணி பள்ளங்களை ஒரு தரம் எண்ணிப் பார்த்தாள்.

“ஒங்கிட்ட இருக்குறதே பாதிதானே, எதுக்கு இத்தன? இந்தத் தட்டுல என்னா வைப்ப?”

ராக்கையின் நடுவில் ஒரு சின்னத் தட்டு இருந்தது. சுரேஸ் வாயிலிருந்த ஆணிகளைக் காட்டித் தலையை ஆட்டினான்.

பதுளையிலிருந்து வரும் ரயில் கூவியது. பூசைச் சாமான் வாங்கப் போன துஷாந்த் அதில்தான் வருவான். சுரேஸ் ராக்கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான்.

துஷாந்த் தன் பக்கத்துக் கதவைத் திறந்தான். இரண்டு எட்டு வைத்தான். கையில் பூசைப் பையோடு அப்படியே நின்றுவிட்டான்.

நடுவில் அவர்கள் அடித்த பலகைச் சுவரைக் காணவில்லை.

தூண்கள் இரண்டும்தான் நின்றன. தூணுக்குத் தூண் ஒரு ராக்கை. அதன் நீலப் பெயின்ட், சுவரின் தன் பக்கத்துக்குத் துஷாந்த் ஆசையாக அடித்தது. ராக்கைக்கு அந்தப் பக்கம், வாயில் இன்னும் ஆணியோடு சுரேஸ்.

பத்து, பன்னிரண்டு, பதினான்கு தொங்கின. இடையில் பள்ளங்கள் வெறுமையாக இருந்தன.

அடிக்கத்தான் வருவான் என்று சுரேஸ் நினைத்தான். பயமாகவும் இருந்தது. என்றாலும் நகரவில்லை.

துஷாந்த் பையைக் கீழே வைத்தான். மூலைக்குப் போனான். பதினொன்றைக் கொண்டுவந்து மாட்டினான். பிறகு பதின்மூன்றை. மிச்சத்தையும் ஒவ்வொன்றாக மாட்டினான். சுரேஸின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

கடைசியாக ரேடியோவைத் தூக்கி வந்தான். தட்டில் அது அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. வேண்டுமென்றே மேட்சைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினான்.

சுரேஸ் வாயிலிருந்து ஆணிகளை எடுத்தான்.

“ஸ்கோர் எத்தனடா?”