மூன்றாவது பேனா

இன்ஜினியர் ஆபீஸில் படம் வரைகிற பிளாட்டர் மெஷினைச் செல்லக்கனி மறுபடியும் ஓட விட்டாள். பேனா தாளின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டின் போர்ட்டிகோவை வரைந்து முடித்தது.

எல்லாக் கோடும் பளிச்சென்று விழுந்திருந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

கோடு விழக்கூடாது என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு பிரிண்ட் எடுத்தவள் ராஜபாளையத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

போன மாதம் அந்தப் போர்ட்டிகோவுக்கு அடியில் கொடுத்திருந்த முட்டுக்கம்புகளைப் பிரித்ததும் தளம் அப்படியே கீழே வந்தது. அடியில் நின்ற கொத்தனார் சங்கிலிப்பாண்டி நசுங்கிச் செத்துப்போனார். இடிபாட்டைக் கிளறினால், தளத்தை இழுத்துப் பிடிக்க மேல்பக்கம் ஓட வேண்டிய கம்பியில் ஒன்றுகூட இல்லை.

கம்பியை விற்றுத் தின்றுவிட்டான் என்று ஊர் வாய் கூசாமல் பேசியது. செத்தவரா எழுந்து வந்து பதில் சொல்லப் போகிறார்?

கம்பி கட்டிய இருளப்பசாமி அவளிடம் வந்து சொன்னான். "மேல கம்பி வேண்டாமான்னு கொத்தனார்கிட்ட கேட்டேன்க்கா. ஏலே, இது கனி போட்ட படம், அதுல இல்லைன்னா வேண்டாம்னாரு."

போலீஸ் ஸ்டேஷனில் அவன் பேச்சு எடுபடவில்லை. வேலையிடத்துக்குப் போன தாளோ இடிபாட்டில் நனைந்து கூழாகியிருந்தது. கம்ப்யூட்டரில் கோடு இருந்தது. இப்போது எடுக்கிற தாளில் எல்லாம் இருந்தது. பாழாய்ப்போன மெஷின், இன்றைக்குப் பார்த்துத்தான் யோக்கியமாக வேலை செய்தது.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்குப் போம்மா" என்றார் இன்ஜினியர் சௌந்தரபாண்டியன்.

அவள் போகவில்லை. கம்பிகளை மட்டும் வரைகிற மூன்றாவது பேனாவைக் கழற்றினாள். அது வேலையில்லாத நேரம் உட்கார்ந்திருக்கும் ரப்பர் மூடிக்குள் விரலை விட்டாள்.

விரல் நுனியில் காய்ந்த சந்தனம் ஒட்டிக்கொண்டு வந்தது. அதில் குங்குமச் சிவப்பும் இருந்தது.

ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு. ஒவ்வொரு பேனாவுக்கும் தாராளமாக வைத்தது. இதில் மட்டும் உள்ளே வழிந்து, லீவு முடிகிறவரை பேனா முனையை அடைத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. விஜயதசமி காலையில் நல்ல நேரம் போய்விடும் என்று அவசரமாக எடுத்த முதல் படம் இந்தப் போர்ட்டிகோதான். அதை விரித்துக்கூடப் பார்க்காமல் சுருட்டிக் கொடுத்திருந்தாள்.

பேனா முனையை அந்தச் சந்தனத்தில் அழுத்தி, இடத்தில் மாட்டி, மெஷினை ஓட விட்டாள்.

மேல் கம்பிகள் வரவில்லை. மையில்லாத முனை தாளைக் கீறிக்கொண்டு போனது. செத்த நேரம் கழித்துக் கீழ்க் கம்பிகள் திக்கித் திணறி வந்தன. அதற்குப் பிறகு எல்லாமே சுத்தமாக வந்தது.

தாளையும் மூடியையும் கொண்டுபோய் இன்ஜினியர் மேஜைமேல் வைத்தாள்.

"ஸ்டேஷன்ல காட்டுங்க சார். எங்க வீட்டுக்காரவிய கம்பியைத் திருடலை."

அவர் மூடிக்குள் பார்த்தார். யார் வைத்த சந்தனம் என்று அவர் கேட்கவில்லை.

"நான் வச்சது சார்" என்று அவளே சொன்னாள்.