மூன்றாவது ஒயர்

மின்சாரம் பயப்படுகிறவர்களை மட்டுமே அடிக்கும்.

இதை அவர் குளியலறை வாசலில் நின்று, தீர்ப்பு வாசிக்கிற குரலில் சொன்னார். சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

வீடு அவருடையது. ஷவர் ஹீட்டரும் அவருடையது. ஆள் வைக்காமல் அதைச் சுவரில் மாட்டி, ஒயரை இழுத்து இணைப்பு கொடுத்ததும் அவரே. கோத்தகிரிக் குளிரில் வாடகைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, வெந்நீர் வருமா என்றுதான்.

வரும் என்று சொல்லியிருந்தார்.

கூடவே வேறு என்ன வரும் என்று யாரும் கேட்கவில்லை.

தவமணி அங்கே குடியிருப்பவள். கையில் டெஸ்டர் வைத்திருந்தாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் தன்ஷிகா, அம்மாவின் நைட்டியைப் பிடித்தபடி பின்னால் நின்றாள்.

முந்தாநாள் காலையில் ஷவரைத் திறக்கப் போன தன்ஷிகாவின் கை குழாயோடு ஒட்டிக்கொண்டது.

அவள் கத்தவில்லை. கத்த வரவில்லை.

தவமணி மாப்புக் கட்டையால் அடித்துத்தான் அந்தக் கையைப் பிரித்தாள்.

விரல் நுனிகளில் கறுப்புப் புள்ளிகள். முழங்கைக்கு மேலே, கட்டை விழுந்த இடம் நீளமாகக் கன்றிப்போயிருந்தது.

அவர் கன்றிய இடத்தைக் கவனமாகப் பார்த்தார். புள்ளிகளைப் பார்க்கவில்லை.

"இது கரண்ட் அடிச்சது இல்லம்மா. நீங்க அடிச்சது."

தவமணி டெஸ்டரைக் குழாயில் வைத்தாள். சிவப்பாக எரிந்தது.

அவர் டெஸ்டரைக் கேட்டு வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கெட்டுப்போச்சு. சும்மா சும்மா எரியுது பாருங்க."

தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அவள் மேலே கையைக் காட்டினாள். ஹீட்டரிலிருந்து வரும் ஒயர்கள் மூன்று. இரண்டு பிளக்குக்குள் போயிருந்தன. பச்சை ஒயர் எங்கேயும் போகவில்லை. யாரோ அதை அழகாகச் சுருட்டி, டேப் சுற்றி, சுவரோரம் தொங்கவிட்டிருந்தார்கள்.

யாரோ என்ன, அவர்தான்.

"கரண்ட் போக ஒரு ஒயர், திரும்பி வர ஒரு ஒயர். மூணாவது எதுக்கும்மா? அது ஒயர் விக்கிறவன் பண்ற வேல."

"எர்த்துங்க சார் அது. லீக்கானா கரண்ட் அது வழியா மண்ணுக்குப் போயிரும். அது இல்லைன்னா எம் புள்ள வழியாத்தான் போகும்."

அவர் இதை மதித்து யோசித்தார்.

"என் மண்ணுக்குள்ள நான் எதுக்கும்மா கரண்ட விடணும்?"

அதற்குள் அவர் கண்ணில் இன்னொன்று பட்டுவிட்டது. ஷவருக்கு நேர் கீழே ஒரு மணைப்பலகை. ஈரத்தரையில் கால் படாமல் நிற்பதற்காக, தவமணியின் கணவன் வேலைக்குப் போகும்முன் போட்டுவிட்டுப் போனது.

"குளிக்கிற இடத்துல மணை போட்டிருக்கீங்க? யாருக்கு நலங்கு?"

சிரிப்பதற்குக் கொஞ்சம் நேரம் கொடுத்தார். யாரும் சிரிக்காததால் அவரே சிரித்தார். பாதத்தால் பலகையைச் சுவரோரம் தள்ளினார்.

"பாப்பா, இங்க வா. தாத்தா முன்னாடி நீயே திற. பயம் தெளிஞ்சிரும்."

தன்ஷிகா சொன்னதைக் கேட்கிற பிள்ளை. அதற்காகவே பள்ளிக்கூடத்தில் பென்சில் பெட்டி பரிசு வாங்கியவள்.

நைட்டியை விட்டாள்.

உள்ளே வந்தாள். ஈரத்தில் வெறும் பாதங்களை வைத்தாள். புள்ளிகள் இல்லாத கையைத் தேர்ந்தெடுத்து, நீட்டினாள்.

ஹீட்டரின் சிறிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தவமணி சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து மகளை இழுத்தாள். பட்டன் ஒன்று தெறித்துச் சாக்கடைத் துளைக்குள் போனது.

"மொதல்ல நீங்க திறங்க சார்."

குரலை உயர்த்தவே இல்லை. சொல்லிவிட்டு, வாசலுக்கு வெளியே ஹீட்டர் சுவிட்சை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கென்ன? திறந்தாப் போச்சு."

சட்டையின் வலது கையை மடித்தார். பிறகு இடது கையை. திறப்பதற்கு ஒரு கை போதும்தான்.

வாட்சைக் கழற்றினார்.

மோதிரத்தைக் கழற்றினார். அது வெகுகாலம் கழற்றாத மோதிரம், நேரம் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

குழாயை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. திரும்பி வந்து காதைச் சொறிந்தது.

சுவிட்ச் இருக்கும் பக்கம் பார்த்தார். தவமணி நகரவில்லை.

"தரையெல்லாம் ஒரே ஈரம்" என்றார், யாரிடமோ.

பிறகு, முகத்தைத் திருப்பாமல், கால் விரல்களால் பலகையைத் தேடினார். கிடைத்தது. ஓசைப்படாமல் இழுத்தார்.

ஒரு காலை அதன் மேல் ஏற்றினார்.

"ரெண்டு காலும் வைக்கணும் தாத்தா" என்றாள் தன்ஷிகா.

வைத்தார்.