பெயர் மறைத்த படம்

2019 மார்ச் 14 அன்று திருச்சியில் ஒரு கண் மருத்துவமனையில், க்ளாக்கோமாவால் பார்வை நரம்புக்கு ஏற்படும் சேதத்தைச் சரியாகக் காட்டுவது புகைப்படமா, ஸ்கேன் கருவியா என்று ஒப்பிட்டார்கள். நோயாளிகளின் பெயர்களை மறைத்திருந்தார்கள். தலைமை மருத்துவர் இன்பசேகர் புகைப்படங்களைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, டாக்டர் பௌலின் ஸ்கேன் முடிவைப் படித்தாள்.

ஆறு வருடத்துக்கு முன் தன் அப்பாவின் கண் புகைப்படத்தை அவள் அவரிடம்தான் நீட்டினாள். "படத்தைப் பாத்து ஜோசியம் சொல்றியா? மெஷின் பச்சை காட்டுது, கண்ணு நல்லாருக்கு, போம்மா" என்று சிரித்தார். அப்பாவுக்கு இப்போது வெளிச்சம்கூடத் தெரியாது.

அடுத்த படத்தில் இன்பசேகர் நின்றுவிட்டார்.

"அடப்பாவமே, முக்கால்வாசி நரம்பு போயிடுச்சு. மெஷின் என்ன சொல்லுது?"

"பச்சை, சார்."

"எந்த மடையன் அதை நம்பினான்? யாரும்மா இந்த ஆளு?"

போன வருடம் ஊழியர்களுக்கெல்லாம் கண் பரிசோதனை நடந்தபோதே இந்தப் படத்தைப் பௌலின் பார்த்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

"உங்க கண்ணுதான், சார்."

மறுநாள் அவர் செய்வதாக இருந்த அறுவை சிகிச்சைகளைப் பௌலின் செய்தாள்.