வேறு பேச்சு

"விண்வெளியில மீன் எந்தப் பக்கம் பாத்து நீந்தும், டாக்டர்?"

மீன் வளர்ப்போர் குழுவில் என்றைக்கோ யாரோ இப்படிக் கேட்கப்போய்த்தான், குழுவின் அட்மினான பல் டாக்டரம்மா 'வேறு பேச்சு' என்று தனியாக ஒரு பகுதியைத் திறந்துவைத்தார். அங்கே எதைப் பற்றியும் பேசலாம். மீனைப் பற்றி மட்டும் மூச்சு விடக்கூடாது.

நேற்று விண்கலம் ஒன்று தரையிறங்கும்போது எரிந்து, உள்ளே இருந்த ஐந்து பேரும் இறந்துபோனார்கள். இன்று 'வேறு பேச்சு' சந்தைக்கடையாகிவிட்டது. டாக்டரம்மாவும், நாற்காலியில் சாய்ந்திருந்தவருக்கு ஊசி போட்டுவிட்டு, ஈறு மரத்துப்போகிறவரை கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"வெப்பத்தைத் தாங்குற ஓடு சரியா ஒட்டல. நான் அப்பவே சொன்னேன்," என்று எழுதினார் 'கெளுத்தி'. குழுவில் அவர் வைத்துக்கொண்ட பெயர் அது; ஆள் ஏசி மெக்கானிக். எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

"நீங்க போயிருந்தா பூ மாதிரி இறக்கியிருப்பீங்கண்ணே," என்றார் 'இறால்'.

"இறக்கியிருப்பேன்தான். கூப்பிட்டாத்தானே?"

இந்த அமளிக்கு நடுவே, வருஷம் முழுக்க வாயே திறக்காத 'வெள்ளிச்செதில்' எழுதினார்:

"பதினோரு மீன் இருக்கு. யாராவது எடுத்துக்கறீங்களா? காலைல என்னைக் கூட்டிட்டுப் போக வண்டி வருது. எப்ப திரும்புவேன்னு தெரியாது. பட்டினியில செத்துடும்."

"ஊரே துக்கத்துல கெடக்கு, உங்களுக்கு மீன் கவலை," என்றார் கெளுத்தி.

"மீனுக்கு வேற பகுதி இருக்கும்மா," என்றார் டாக்டரம்மா.

"என் மீன் இல்ல டாக்டர். வீட்டுக்காரரோடது. அவர் மேல போயிட்டார்."

கெளுத்தி கொஞ்சம் இறங்கிவந்தார். "அடப் பாவமே. எப்பம்மா?"

"இருபத்தோரு நாளாச்சு."

"மூணு வாரமா இல்லாத அவசரம் இன்னைக்கு எங்கேருந்தும்மா வந்துச்சு? அஞ்சு உசிரு போயிருக்கு. உங்க சொந்தக் கதைய அப்புறம் வெச்சுக்கலாம்."

டாக்டரம்மாவுக்கும் பொறுமை போயிற்று. "கடைசியாச் சொல்றேன். இங்க இன்னைக்கு விண்கலத்தைப் பத்தி மட்டும் பேசுங்க."

"அதைத்தான் பேசறேன், டாக்டர். இறங்கினதும் மொதல்ல மீனைத்தான் பாப்பேன்னு சொல்லிட்டு ஏறினார்."

நாற்காலியில் இருந்தவருக்கு ஈறு மரத்து வெகுநேரம் ஆகியும் டாக்டரம்மா எழுந்திருக்கவில்லை. கடைசியில் கைபேசி ஒரு வரியைக் காட்டியது:

'கெளுத்தி' குழுவிலிருந்து வெளியேறினார்.