ஒரு சுற்றுப் பெரிய சமாதானம்

அந்த வார்த்தையைக் கண்டாலே அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் கன்னியப்பனுக்குக் கை வலித்தது. சுவரொட்டி அடிக்க வரும் செங்கொடி தேசத்து ஆளுக்குச் சிவப்பு மை, டாலர் தேசத்து ஆளுக்கு நீல மை. வார்த்தை மட்டும் ஒன்றுதான், சமாதானம். முதலில் இருவருக்கும் விரல்நக அளவு போதுமாயிருந்தது. பிறகு ஒருவர் மற்றவருடைய சுவரொட்டியோடு வந்து, "இதைவிட ஒரு சுத்து பெரிசா வேணும்" என்றார். மறுவாரம் மற்றவரும் வந்தார். "நானா கேக்கறேன்? மேலிடத்துல கேக்கறாங்க."

ஈய எழுத்து போதாமல் ஆசாரியிடம் மரத்தில் செதுக்கி வாங்கினார்கள். வார்த்தை வளர வளர, அதன் கீழே இருந்த செய்திக்கு இடமில்லாமல் போயிற்று. அது என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் கன்னியப்பனே சொல்லிவிட்டார். "இனிமே தாளுக்கு ஒரு எழுத்துதான் சார் பிடிக்கும்."

இன்று தெருவின் இரு பக்கச் சுவர்களிலும் ஐந்தைந்து தாள்கள். மை காயுமுன்பே ஒட்டிவிட்டிருந்தார்கள். சிவப்பை முழுதாக வாசிக்கக் கன்னியப்பன் பின்னால் நகர்ந்தார். இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். எதிர்ச்சுவரின் நீலம் முதுகில் சில்லென்று பட்டது.

டீக்கடைக்காரர் டம்ளரை நீட்டியபடி, "சட்டை முதுகுல என்னமோ எழுத்து ஒட்டியிருக்குண்ணே. படிக்க வரலை" என்றார்.

அச்சுக் கோக்கும்போது இருப்பதுபோல இடவலம் மாறிய எழுத்து. அந்தத் தெருவில் அதைச் சரளமாக வாசிக்கக்கூடியவர் கன்னியப்பன் ஒருவர்தான். ஆறும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.