பின்சீட்டுக்காரி

"அலாமாக்! நம்ம தேவன் வாத்தியாரா இப்படி?"

அர்ச்சுனன் கையிலிருந்த கோப்பியைக் கீழே வைத்துவிட்டான்.

"என் ரெண்டு கண்ணால பார்த்தேன்லா," என்றார் மகேந்திரன். ஒரு காலத்தில் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி. இப்போது ஈப்போவில் கோயில் கமிட்டித் தலைவர். யார் வீட்டில் என்ன வெந்தாலும் வாசனை முதலில் எட்டுவது அவர் மூக்குக்குத்தான்.

"காலையில தைப்பிங் கல்யாணத்துக்குக் காடி ஓட்டிக்கிட்டுப் போறேன். கோலா கங்சார் தாண்டி மலை ஏத்தம். முன்னால அந்த நீட்டுச் சைக்கிள், ரெண்டு பேர் மிதிக்கிறது. முன்சீட்ல வாத்தியார். பின்சீட்ல ஒரு பொம்பள!"

"பிரமிளா டீச்சரா இருக்கும்ணே. ரிட்டையர் ஆனதுலேர்ந்து புருஷனும் பொண்டாட்டியும் அதுலதானே ஊர் ஊராச் சுத்துறாங்க. கேமரன் மலைக்கே மிதிச்சுப் போனாங்களாமே."

"டேய், டீச்சர் முட்டி ஆப்பரேஷன் பண்ணித் தொங்காட் தடி ஊனிக்கிட்டுக் கோயிலுக்கு வாராங்க. மலையில எப்படி மிதிப்பாங்க?"

அர்ச்சுனன் வாய் பிளந்தது. "அப்ப யாருண்ணே அவ?"

"யாருக்குத் தெரியும்? தலையில ஹெல்மெட், கண்ணுல கறுப்புக் கண்ணாடி, மூக்கு வரைக்கும் துணி. ஒட்டுன காற்சட்டை வேற. ஏத்தத்துல மூச்சு வாங்குது, அதுலயும் சிரிப்பு! குடும்பப் பொம்பள இப்படிச் சிரிப்பாளா? மாலு லா! நம்ம சனத்துக்கே வெட்கக்கேடு. ஏன், என் வீட்டுல புனிதா இல்ல? கல்யாணம் ஆன நாளா அதிர்ந்து ஒரு சிரிப்புச் சிரிச்சிருப்பாளா?"

கோப்பிக்கடையிலிருந்து கோயில் மடப்பள்ளிக்குப் போன செய்தி அங்கே கொஞ்சம் தாளிக்கப்பட்டது. பின்சீட்டுக்காரி காம்பார் ஊர்க்காரி என்றார் ஒருவர். சாயங்காலத்துக்குள் அவள் புருஷனை விட்டு ஓடிவந்தவளும் ஆகிவிட்டாள்.

"பாவம், டீச்சருக்கு நாமதான் சொல்லணும்." சாட்சிக்கு அர்ச்சுனனையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார் மகேந்திரன். அந்தப் 'பாவம்' தித்தித்த அளவுக்குக் காலையில் குடித்த கல்யாணப் பாயசம்கூட அவருக்குத் தித்தித்திருக்காது.

பிரமிளா டீச்சர் வீட்டு வாசலில் சேறு காயாமல் நின்றது சைக்கிள். மகேந்திரன் அர்ச்சுனனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

"வாங்கண்ணே, உட்காருங்க. அவரு குளிச்சிட்டு இருக்காரு." தடியை ஊன்றியபடியே சமையலறைப் பக்கம் திரும்பி, "இன்னும் ரெண்டு கோப்பி சேர்த்துக் கலக்குலா!" என்று குரல் கொடுத்தாள் பிரமிளா.

"கோப்பி கிடக்கட்டும் தங்கச்சி. மனசைத் திடப்படுத்திக்கம்மா." மகேந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பார்த்ததையும் கேட்டதையும் சேர்த்தே சொல்லி முடித்தார்.

பிரமிளா பதறவில்லை. "தெரியும்ணே. நான்தான் ஏத்திவிட்டேன்."

"என்னது!"

"கிரிக் மலை தாண்டிக் கிளந்தான் வரைக்கும் போகணும்னு அவருக்கு ஆசை. என் முட்டி இப்படி ஆச்சு. அந்தச் சைக்கிளை ஒத்தை ஆளா மிதிச்சு மலை ஏற முடியாது. நீங்க பார்த்தவளுக்கோ இனிப்புநீர். உடம்பு அசையணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. கூட நடக்க வாங்கன்னு புருஷனைக் கூப்பிட்டிருக்கா. இந்த வயசுல கைவீசி நடந்தா ஊரு சிரிக்கும்னுட்டாராம். என் சீட்டு சும்மாதானே கிடக்கு, ஏறிக்கடின்னேன். இன்னைக்கு நான் கோலா கங்சார்ல சோத்தோட காத்திருந்தேன்."

சேர்த்து வைத்திருந்த ஆறுதல் வார்த்தைகள் எல்லாம் வீணாய்ப் போன எரிச்சல் மகேந்திரனுக்கு.

"நீ வெள்ளந்தி தங்கச்சி! அவ புருஷன் எவன்? பொண்டாட்டி எங்க போறா, யாரு கூடப் போறான்னு தெரியாத ஜென்மம்! பேரைச் சொல்லு. கோயில் தலைவரா நானே நேர்ல போய், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன்!"

சமையலறைப் பக்கம் பார்த்த அர்ச்சுனன் சட்டென்று எழுந்து நின்றான்.

ஒட்டிய காற்சட்டையோடு, நெற்றியில் ஹெல்மெட் பதிந்த தடத்தோடு, கோப்பித் தட்டை ஏந்தி வந்தாள் புனிதா.

"எங்கேயும் போக வேணாம். அவரு இங்கதான் உட்கார்ந்திருக்காரு," என்றாள், கணவரிடம் கோப்பியை நீட்டியபடி. "கேளுங்க."