இருபது அட்டைகள்

காலை பதினொன்றரை மணிக்கு அந்த அறையில் நான்கு பேர் இருந்தார்கள். அட்டை காட்டும் நிம்மி. அட்டை பார்க்கும் செலின். செலினின் கணவர் மதலைமுத்து. அடுத்த டோக்கனோடு காத்திருந்த தொட்டையன்.

மண்டி மொஹல்லாவில் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரி அது. விழித்திரை டாக்டர் வியாழக்கிழமை மட்டும் வருவார். பன்னிரண்டரைக்குக் கிளம்பிவிடுவார்.

நிம்மியிடம் இருபது அட்டைகள். முதல் அட்டையில் முழுக்கோடு. மற்ற பத்தொன்பதிலும் புள்ளிக்கோடுகள். போகப்போகப் புள்ளிகள் விலகிக்கொண்டே போகும். விழித்திரை பழுதானவர்களுக்கு முழுக்கோடு வளைந்து தெரியும். எத்தனையாவது அட்டையில் வளைவு மறைகிறதோ, அதுதான் பாதிப்பின் அளவு. அதைப் பார்த்துத்தான் டாக்டர் வைத்தியத்தைத் தொடங்குவார். தள்ளிப்போட்டால் நடுப்பார்வையே போய்விடலாம்.

செலின் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். முதல் அட்டை வளைவு என்றாள். பத்தாவதும் வளைவு. இருபதாவதில் இருந்ததே சில புள்ளிகள்தான். அதுவும் வளைவாம்.

"ஆன்ட்டி, சும்னே சொல்லாதீங்க. நல்லாப் பார்த்துச் சொல்லுங்க" என்றாள் நிம்மி, கன்னடம் கலந்த தமிழில்.

நிம்மி மறுபடி முதலிலிருந்து காட்டினாள். மறுபடியும் இருபதும் வளைவு.

டாக்டர் போய்விடுவார் என்று தொட்டையன் கன்னடத்தில் முணுமுணுத்தார்.

மதலைமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. அவர் டைல்ஸ் மேஸ்திரி. ஒரு வீட்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். வீட்டில் இவள் ஊசியில் நூல் கோக்கிறாள், பஸ் போர்டு படிக்கிறாள், இங்கே வந்ததும் எல்லாம் வளைகிறது என்று நிம்மியிடம் புகார் சொன்னார்.

"கோணல் உன் கண்ணுல இல்ல செலின், பேச்சுலதான். முப்பத்தாறு வருஷமா நேர்க்கோடு பார்த்தே பிழைக்கிறவன் நான். அந்தக் கோடு நேராத்தான் இருக்கு."

"அப்ப நீங்களே உட்கார்ந்து பாருங்க. நீங்க சொன்னா ஒத்துக்கிறேன்."

அலுத்துப்போயிருந்த நிம்மி அவரை உட்காரவைத்தாள். வலக்கண்ணை மூடச் சொல்லி முதல் அட்டையைக் காட்டினாள். நேர் என்றார், மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு.

பிறகு இடக்கண்ணை மூடச் சொன்னாள்.

மதலைமுத்து முகத்தை அட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அட்டை மடங்கியிருக்கிறது என்றார். நிம்மி அதை மேஜையில் படுக்கவைத்துக் காட்டினாள். அடுத்ததும் மடங்கியிருப்பதாகச் சொன்னார். அதற்கடுத்ததும்.

பதினான்காவது அட்டையில்தான், "இது நேரா இருக்கும்மா" என்றார். குரல் இறங்கியிருந்தது.

நிம்மி அவர் பெயரில் புது ஃபைல் போட்டு அளவை எழுதினாள். டாக்டர் கிளம்ப இருபது நிமிடம் இருந்தது. முணுமுணுத்துக்கொண்டிருந்த தொட்டையனே எழுந்து, முதலில் நீங்கள் போங்கள் என்று அவருக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

நிம்மி செலின் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு மாசமா டைல்ஸைக் கோணலா ஒட்டிட்டு, சுவர் சரியில்லைங்கிறார். ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா சண்டைக்கு வரார். அவருக்குன்னா வரமாட்டாரும்மா. எனக்குன்னா கையில இருக்கற கொத்துக்கரணையைப் போட்டுட்டு ஓடி வருவார்."

நிம்மி மறுபடி முதல் அட்டையை எடுத்துக் காட்டினாள்.

"நேராத்தான் இருக்கு" என்றாள் செலின்.

மீதி பத்தொன்பது அட்டைகளை நிம்மி எடுக்கவே இல்லை.